குழி இருக்குமிடத்தைச் சொன்னவர்

அனுப்புநர்
எஸ்பென் ஹவ்கோர்,
தொலைபேசிக் கம்பிப் பணியாளர்,
(சேமப்படை கார்ப்பரல், தொலைவுக் கண்காணிப்புக் கம்பெனி),
லின்ட்பியர்க், ஜட்லாந்து.

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
சேமப்படையினர் முறையீட்டு அலுவலகம்,
கோபன்ஹேகன்.

பொருள்: 17.10.1984 அன்று பயிற்சியில் நேர்ந்த மண்சரிவு – சார்ஜன்ட் தோர்கில் ராவ்ன் நீக்கப்பட்டதை ரத்து செய்யக் கோருதல் – எனது வாக்குமூலத்தைத் திரும்பப் பெறுதல் – தொடர்பாக.

பார்வை: விசாரணை அதிகாரியின் அறிக்கை, நாள் 19.11.1984.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி கம்பெனியில் ஒன்பது ஆண்டுகளாக வானொலி இயக்குபவனாக உள்ளேன். எங்களில் எவரும் முழுநேரப் படைவீரர் அல்லர். சார்ஜன்ட் ராவ்ன் கால்நடை மருத்துவர். ஓலுஃப் புரூன் கொத்தனார். ஃபிலிப் யூல் பள்ளியில் பாட்டு ஆசிரியர். ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் ரயில்களை ஒளிந்திருந்து எண்ணிச் செய்தி அனுப்பியவர்கள், போர் முடிந்த பத்தாண்டுக்குள் தொடங்கிய கம்பெனி இது. கிழக்கிலிருந்து படை வந்து நம் படை பின்வாங்க நேர்ந்தால் நாங்கள் மட்டும் பின்வாங்க மாட்டோம். நால்வர் நால்வராகக் குழிக்குள் இறங்கி, மூடியைச் சாத்திக்கொண்டு, சாலையில் போகும் வண்டிகளை எண்ணிச் சொல்ல வேண்டும். பிடிபட்டாலும் குழி இருக்குமிடத்தைச் சொல்லக்கூடாது என்பதே சேரும்போது நாங்கள் எடுக்கும் முதல் உறுதிமொழி.

2. ராவ்ன் அந்த உறுதிமொழியை மீறினார் என்கிறது அறிக்கை. அது உண்மை. எந்த நிலையில் மீறினார் என்பது அறிக்கையில் இல்லை. அதற்கு நானும் ஒரு காரணம் என்பதால் இம்மனுவை எழுதுகிறேன்; எங்கள் பணி இரகசியமானது என்பதால் முத்திரையிட்ட உறையில் அனுப்புகிறேன்.

3. அக்டோபர் 14 ஞாயிறன்று நாங்கள் நால்வரும் ஊசியிலைக் காட்டில் குழிக்குள் இறங்கினோம். மறுநாள் முதல் விடாத மழை. செவ்வாயன்று ஓலுஃப் பின்சுவர்ப் பலகையைத் தடவிப் பார்த்து, "இந்தச் செவுரு வயிறு தள்ளுது. நான் கட்டுற வீடா இருந்தா உள்ள ஒரு ஆள விடமாட்டேன்" என்றார். நாங்கள் சிரித்தோம். புதன் காலை 10.10க்குப் பலகைகள் முறிந்து பின்சுவர் முழுதும் உள்ளே இறங்கியது. ஓலுஃப் மார்பு வரை மண்ணில் புதைந்தார்.

4. உண்மையான விபத்து நேர்ந்தால் "நாரை" என்ற சொல்லை அனுப்ப வேண்டும். அதைக் கேட்டதும் பயிற்சி நின்றுவிட வேண்டும் என்பது விதி. 10.14க்கு அனுப்பினேன். "நீங்கள் செய்தி அனுப்பும் நேரம் மாலை ஆறு மணி. அதுவரை அனுப்பாதீர்" என்று பயிற்சிக் கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்து பதில் வந்தது. விதியை மீறி, மறைமொழி இல்லாமல், "ஆள் மண்ணுக்குள் இருக்கிறார்" என்று அனுப்பினேன். "எதிரியின் தந்திரமெனக் கருதப்படுகிறது" என்றார்கள். அதன்பின் பதிலே இல்லை. எங்களைத் தேடும் எதிரிகளாக நடித்த படையினர், வேறொரு குழுவிடம் பிடித்த வானொலிக் கருவியிலிருந்து முந்தின நாள் இதே சொல்லை அனுப்பி ஏமாற்றியிருந்தார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. எங்களுக்கு அதை யாரும் அறிவிக்கவில்லை. என் பதிவேட்டின் இரு பக்கங்களை இணைத்துள்ளேன். அறிக்கையில் அவை இடம்பெறவில்லை.

5. ஒரு கை மண்ணை எடுத்தால் இரண்டு கை மண் விழுந்தது. மண்வெட்டிகள் சரிவுக்கு அடியில் மாட்டிக்கொண்டதால் ராவ்ன் வெறுங்கையால் தோண்டினார். ஓலுஃபின் மூச்சு குறுகிக்கொண்டே வந்தது. ராவ்னின் தயக்கத்தைக் கண்டு ஓலுஃபேதான் சொன்னார்: "நாலு பேரும் இங்கயே குந்தியிருந்தா நாலு பேருக்கும் இதுதான் சமாதி. ரோட்டுக்குப் போ தோர்கில். போய்யா, என் மூஞ்சில என்ன இருக்கு?" ராவ்ன் எங்களிடம், "ஃபிலிப், மேல் பலகைய விட்றாதே. எஸ்பென், அவர் வாய்ல மண்ணு விழாம பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு 10.31க்கு மேலேறினார். "பட்டப்பகலில் தன் குழுவைக் கைவிட்டு வெளியேறினார்" என்று அறிக்கை குறிப்பிடுவது இதைத்தான்.

6. சாலையில் நடந்ததை, அன்று லாரி ஓட்டிய காய் மோல்கோர் என்ற வீரரின் கடிதத்திலிருந்து (இணைப்பு 2) தருகிறேன். ராவ்ன் கைகளை உயர்த்திக்கொண்டு முதலில் வந்த வண்டியை நோக்கி ஓடினார். அது எங்களைத் தேடிய படையின் லாரி. அவர் தலையில் சாக்கைக் கவிழ்த்து, கைகளைக் கட்டி, சேற்றில் மண்டியிட வைத்தார்கள். கேள்வி கேட்கும் முன்பே அவர், "மூணாவது தீத்தடுப்புப் பாத. ரெண்டு மரம் சாஞ்சு கெடக்கும். அதுக்கு வடக்க இருபதடி. ஆள் மண்ணுக்குள்ள இருக்கான், இது பயிற்சி இல்ல" என்றார். "என்னா நடிப்பு! நீ நாடகத்துக்குப் போயிருக்கலாம்" என்று ஒருவர் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் கம்பெனிக்காரர் எவரும் அதுவரை வாய் திறந்ததில்லை. அதனால் இதைப் பொறி என்றே நம்பினார்கள். கம்பெனியின் நற்பெயரே அன்று அவருக்கு எதிராக நின்றது. முப்பத்தைந்து நிமிடம் அவர் அந்த இடத்தையே திரும்பத் திரும்பச் சொன்னார். மோல்கோர் அவருடைய கட்டிய கைகளைப் பார்த்தார். இரண்டு விரல்களில் நகமே இல்லை. "நடிக்கிறவன் நகத்தப் பிச்சிக்குவானா?" என்று கேட்டுவிட்டு, உத்தரவுக்குக் காத்திராமல் மண்வெட்டியோடு காட்டுக்குள் ஓடியிருக்கிறார்.

7. அந்நேரம் உள்ளே ஓலுஃபின் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. ஃபிலிப் தலைக்கு மேல் பலகையைத் தாங்கியபடியே, வகுப்பில் தாளம் சொல்வதுபோல், "இழுங்க... விடுங்க... இப்ப இழுங்க" என்று அவருக்கு மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். மேலே காலடிச் சத்தம் கேட்டது. "யாராவது இருக்கீங்களா?" என்று ஒரு குரல். ஐயா, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலிருக்கத்தான் ஒன்பது ஆண்டு பழகியிருந்தேன். ஓலுஃபின் தலையை மடியில் வைத்துக்கொண்டே நான் வாய் மூடியிருந்தேன். "இருக்கோம்!" என்று கத்தியவர் ஃபிலிப். இதை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

8. ஓலுஃப் பிழைத்தார். இடது கால் முழங்காலுக்கு மேல் எடுக்கப்பட்டது. விசாரணையில் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்கப்பட்டன. சார்ஜன்ட் பகலில் வெளியேறினாரா? ஆம். மறைவிடத்தைச் சொன்னாரா? ஆம். அதற்கு அனுமதி இருந்ததா? இல்லை. மேலே பேச வாயெடுத்தபோது, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, கார்ப்பரல்" என்றார் அதிகாரி. கையெழுத்திட்டேன். மருத்துவமனையிலிருந்த ஓலுஃபை எவரும் விசாரிக்கவில்லை.

9. கம்பெனியின் பணி இரகசியமானது என்பதால் ராவ்னால் மனைவியிடம்கூட விளக்கம் சொல்ல முடியவில்லை. படையிலிருந்து விலக்கப்பட்டார் என்பது மட்டும் ஊருக்குத் தெரியும். ரொட்டிக்கடையில் என் காதுபட, "மாட்டு டாக்டர் பயந்து ஓடிட்டாராமே?" என்று பேசிக்கொண்டார்கள். ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இம்மனுவைப் பற்றி அவரிடம் சொன்னபோது, "எனக்காகக் கெஞ்சாதே எஸ்பென். சொன்னேன், சொன்னதுதான். நாளைக்கே ஆனாலும் சொல்வேன். வேணும்னா அத எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

10. ஆகவே, எனது அரைகுறை வாக்குமூலத்தை ரத்து செய்து இதனை முழு வாக்குமூலமாக ஏற்கவும், ஓலுஃப், ஃபிலிப், மோல்கோர் ஆகியோரை நேரில் விசாரிக்கவும், ராவ்னைப் பழைய பொறுப்பில் அமர்த்தவும் வேண்டுகிறேன். எங்களுக்குள் மட்டும் வழங்க ஏப்ரலில் அச்சேறும் கம்பெனி வரலாற்றில் அவரைப் பற்றி "எதிரியின் விசாரணையில் மறைவிடத்தை வெளிப்படுத்தியவர்" என்றுள்ள வரியை அதற்கு முன் நீக்க வேண்டும். "நாரை" என்ற சொல்லை யார் அனுப்பினாலும், ஏமாற்று என்ற சந்தேகம் இருந்தாலும், உடனே ஆள் அனுப்ப எழுத்துப்பூர்வ ஆணை தேவை. இந்த ஆணை மார்ச் 9க்கு முன் வந்தாக வேண்டும்.

11. அன்று அடுத்த பயிற்சி. அதே காடு, அதே கட்டுப்பாட்டு நிலையம். ராவ்னின் இடத்தில் குழுத் தலைவனாக என்னை நியமித்துள்ளார்கள். குழுவில் புதிதாகச் சேர்ந்த தச்சர் சென்ற வாரம் என்னிடம், "மண்ணு சரிஞ்சா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். "மேல ஏறிப் போயி மொத வண்டிய மறிப்பேன். எடத்தச் சொல்வேன்" என்றேன். அந்தப் பதில் குற்றமெனத் தாங்கள் கருதினால், மூன்று பேரை என்னை நம்பி உள்ளே இறக்கும் முன், இப்போதே என்னையும் நீக்கிவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
எஸ்பென் ஹவ்கோர்

இடம்: லின்ட்பியர்க்
நாள்: 11.02.1985

இணைப்பு: 1. வானொலிப் பதிவேடு, இரு பக்கங்கள். 2. காய் மோல்கோரின் கடிதம். 3. ஓலுஃப் புரூன் மருத்துவமனையிலிருந்து எழுதிக் கொடுத்தது, ஒரே வரி: "போகச் சொன்னது நான்."