எட்டுப் பெட்டைகள் கூவுவது தொடர்பாக

அனுப்புநர்:
அச்சகத்தில் பிழை திருத்தும் பெண்,
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்சந்து,
தரைத்தள வீடு.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: தங்கள் கால்நடைப் பிரிவு பெட்டை என்று சான்றளித்துத் தந்த குஞ்சுகள் கூவுவதும், தங்கள் சுகாதாரப் பிரிவு அவற்றை அகற்ற வருவதும், நடுவில் உண்மையான பெட்டை ஒன்று மாட்டிக்கொண்டிருப்பதும் குறித்து.

பார்வை: கால்நடைப் பிரிவின் சான்றிதழும் விளக்கக் கடிதமும், சுகாதாரப் பிரிவு நேற்று என் கதவில் ஒட்டிய நோட்டீஸ்.

மதிப்பிற்குரிய ஐயா,

அடுத்தவர் எழுதியதில் தப்பு கண்டுபிடிப்பது என் பிழைப்பு. இம்மனுவில் மரியாதை எங்கேனும் குறைவாகப் பட்டால் அதைத் தொழில் தோஷம் என்று கொண்டு பொறுத்தருள வேண்டும். கூடுமானவரை முயன்றிருக்கிறேன்.

1. என் கணவர் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். சர்க்கரை நோயால் அவருடைய வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள். செயற்கைப் பாதம் கொடுத்து, தாராளமாக நடக்கலாம் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பினார்கள். அவர் நடக்கவில்லை. மழைக்காலம் முழுவதும் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். பாதம் அலமாரி மேல் செருப்புப் பெட்டிக்குள் இருந்தது. மாடியில் குடியிருக்கும் நர்ஸம்மாதான், "ஏதாவது ஜீவனை வாங்கி விடுங்கக்கா, அதுக்குத் தீனி போடவாச்சும் எந்திரிப்பாரு" என்றார். கொல்லையில் கோழி வளர்க்கும் எண்ணம் எனக்கு வந்தது அப்படித்தான்.

2. குடியிருப்புச் சந்துகளில் எட்டுப் பெட்டைகள் வரை வளர்க்கலாம், சேவல் கூடாது என்பது தங்கள் விதி. அதைப் படித்துவிட்டுத்தான் கால்நடைப் பிரிவு குஞ்சு வழங்கிய அன்று வரிசையில் நின்றேன். பெட்டை மட்டும் போதும் என்றேன். தங்கள் கால்நடை மருத்துவர் ஒவ்வொரு குஞ்சாக எடுத்து, இறக்கையை விசிறிபோல் விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். இறகுகள் ஒன்று நீளம் ஒன்று குட்டை என்று இருந்தால் பெட்டையாம். எல்லாம் ஒரே மட்டமாக இருந்தால் சேவலாம். முகத்தில் அத்தனை தெளிவு. நகை மதிப்பீட்டாளர்கூட அவ்வளவு நிச்சயமாகப் பேசிக் கேட்டதில்லை.

3. அவர் நாற்காலிக்கு நேர் பின்னால் தங்கள் அலுவலகச் சுவரொட்டி ஒன்று தொங்கியது. "இறகு பார்த்துப் பால் அறியும் முறை அதற்கென்றே தேர்ந்து உருவாக்கிய இனக் குஞ்சுகளுக்கு மட்டுமே பொருந்தும், நாட்டுக் குஞ்சுகளுக்கும் கலப்புக் குஞ்சுகளுக்கும் பொருந்தாது" என்று தடித்த எழுத்தில் இருந்தது. எங்கள் அச்சகத்தில் அடித்தது. பிழை பார்த்தவள் நான். கூடையில் இருந்தவை கலப்புக் குஞ்சுகள். பணிவோடு சுவரைச் சுட்டிக்காட்டினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அது பொதுமக்களுக்கும்மா. நாங்க அனுபவத்துல பாக்குறோம்" என்றார். அனுபவத்துக்கு முன்னால் நான் என்ன பேசுவது? எட்டுக் குஞ்சுகளையும், எட்டும் பெட்டை என்ற சான்றிதழையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

4. எதிர்வீட்டுத் தையற்காரர் ஊசியை நூலில் கட்டி ஒவ்வொரு குஞ்சின் தலைக்கு மேலும் தொங்கவிட்டு, சுற்றினால் பெட்டை, நேராக ஆடினால் சேவல் என்று சொல்லி, நாலுக்கு நாலு என்று தீர்ப்பளித்தார். அவர் சொன்னதும் தப்புதான். ஆனால் அவர் முத்திரை குத்தவில்லை. தங்கள் மருத்துவரைவிடக் குறைவாகவே தப்பு செய்தார் என்பதையும் நியாயத்துக்காகப் பதிவு செய்கிறேன்.

5. குஞ்சுகளுக்குக் கொண்டை சிவந்தது. கால் தடித்தது. வாலடியில் இறகுகள் கூராக நீண்டு பளபளத்தன. ஒன்றுக்கொன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முறைத்தன. ஒரு விடியலில் ஒன்று கூவியது; மற்றவை இதற்குத்தான் காத்திருந்ததுபோல் சேர்ந்துகொண்டன. எட்டில் ஏழு சேவல். கண்ணை மூடிக்கொண்டு கூடைக்குள் கைவிட்டிருந்தாலும் பாதியாவது பெட்டையாகக் கிடைத்திருக்கும். இதற்குப் பட்டப்படிப்பு வேறு தேவைப்படுகிறது.

6. மாற்றித் தரும்படி எழுதினேன். கால்நடைப் பிரிவு அனுப்பிய விளக்கக் கடிதத்தை இத்துடன் இணைத்துள்ளேன். தாங்கள் சிரமம் பாராமல் ஒருமுறை வாய்விட்டுப் படிக்க வேண்டும். "பதிவேட்டின்படி மேற்படி எட்டும் பெட்டைகளே. கூவுதல் சூழ்நிலையால் வந்த பழக்கமாக இருக்கலாம், நாளடைவில் சரியாகும்" என்கிறது. நேரில் போய்க் கேட்டபோது எழுத்தர், "சர்ட்டிபிகேட்ல பெட்டைன்னு இருக்கே, அப்புறம் எப்படிம்மா சேவலாகும்?" என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு படியிறங்கினேன்.

7. அதே படிக்கட்டின் கீழேதான் சுகாதாரப் பிரிவு இருக்கிறது. அவர்கள் நேற்று வந்து, சந்து முனையில் நின்றபடி கூவலைக் கேட்டு, "எட்டுச் சேவல்கள்" என்று எழுதி, வரும் திங்களன்று கூண்டோடு அகற்றுவதாக நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். ஆக, மாடியில் எட்டும் பெட்டை. கீழே எட்டும் சேவல். கொல்லைக்குள் வந்து பார்க்கும் தொல்லையை மட்டும் இரு பிரிவினரும் தவிர்த்துவிட்டார்கள்.

8. புகார் கொடுத்தது நர்ஸம்மா. அவர்மேல் எனக்கு வருத்தம் துளியும் இல்லை. இரவுப் பணி முடித்து விடியலில் வந்து படுப்பவர் தலைமாட்டில் ஏழு சேவல் கூவினால் அவர் வேறு என்ன செய்வார்? கொடுக்கும் முன் என்னிடம் வந்து, "எனக்கே கஷ்டமா இருக்குக்கா" என்று கண்கலங்கிச் சொல்லிவிட்டுத்தான் போனார். இந்த விவகாரத்தில் சம்பந்தப்பட்ட பொறுப்பான ஒரே ஆள் அவர்.

9. இனி அந்த ஒரு பெட்டையைப் பற்றி. கூண்டில் எப்போதும் கடைசியாக ஏறுவதால் என் கணவர் அதற்கு "லாஸ்ட் பஸ்" என்று பேர் வைத்திருக்கிறார். சேவல்கள் அதைக் கொத்திக் குதறியபோதுதான் அவர் முதல்முறையாகச் செருப்புப் பெட்டியைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். பாதத்தை மாட்டி, சுவரைப் பிடித்துக் கொல்லைக்குப் போய், பழைய கதவுப் பலகையால் அதற்குத் தனித் தடுப்பு அடித்தார். மறுநாளும் போனார். இப்போது அது அடை கிடக்கிறது. அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "ரைட், ரைட், இடிக்காம உக்காரு" என்று அதனிடம் பேசிக்கொண்டிருக்கிறார். என்னிடமும் பேசுகிறார். நோட்டீஸ் ஒட்டியபோது அவர் கொல்லையில் இருந்தார்; பார்ப்பதற்குள் கிழித்து எடுத்துவிட்டேன். அரசு அறிவிப்பைக் கிழித்தது குற்றமென்றால் ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே, ஐயா, ஏழு சேவல்களையும் திங்களன்று தாராளமாகக் கொண்டுபோகலாம். நானே கூடையில் பிடித்து வைக்கிறேன். மாற்றுக் குஞ்சு எதுவும் வேண்டாம். தங்கள் மருத்துவரே தேர்ந்தெடுத்துத் தந்துவிடுவார் என்ற பயம்தான் காரணம். அடை கிடக்கும் அந்த ஒன்றைச் சேவல் என்று சொல்லித் தூக்கிவிட வேண்டாம் என்று உத்தரவிடக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சந்தேகம் இருந்தால் யாரையாவது அனுப்புங்கள். இறக்கையை விரித்துப் பார்க்கத் தேவையில்லை. அதற்கு அடியில் முட்டைகள் இருக்கின்றன.

தங்கள் பதிலைத் தயவுசெய்து அச்சக முகவரிக்கு அனுப்பவும். வீட்டுக்கு வேண்டாம். இப்போதெல்லாம் தபால்காரர் குரல் கேட்டதும் எழுந்து நடந்துபோய் வாசற்கதவைத் திறப்பவர் என் கணவர்.

இடம்: அச்சகம், மதிய இடைவேளையில்.
நாள்: நோட்டீஸ் ஒட்டியதற்கு மறுநாள்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்
(கையொப்பம்)

இணைப்பு: சான்றிதழ், விளக்கக் கடிதம், நோட்டீஸ் (கிழிந்தது, ஒட்டியுள்ளேன்).