நலம் விசாரிக்கும் அண்ணன்

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் வாயாடி எழுதுகிறேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. வீட்டுக்கு எழுதினால் அண்ணி பிரிப்பாள். அதனால்தான் உன் லிஃப்ட் கம்பெனி முகவரிக்கு எழுதுகிறேன்.

நான் என் கணவரை விட்டுவிட்டுத் தனியே வந்தபோது, "இனிமே என் மூஞ்சியில முழிக்காதே" என்றாய். அதன்பிறகு பேச்சே இல்லை. போன மழைக்காலத்தில் இணையத்தில் உன் பெயரும் படமும் போட்டு நட்பு அழைப்பு வந்தது. தலைகால் புரியவில்லை எனக்கு. அன்றிலிருந்து தினமும் அதில் செய்தி அனுப்பிப் பேச்சுதான். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துத் தேய்த்து விரல் மரத்துப்போவது, அறைக்கதவின் தாழ்ப்பாள் சரியில்லாதது, தனியாக இருக்கும் பயம், எல்லாவற்றையும் அங்கே கொட்டினேன். "நீ வந்தது தப்பே இல்லம்மா" என்று ஒருநாள் பதில் வந்தது. அழுதுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

இப்போது என்னவோ உறுத்துகிறது. தினமும் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்கிறாய். நீ யாரையும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை! அண்ணியைக் கல்நெஞ்சக்காரி என்று திட்டினேன். பழைய அண்ணனாக இருந்தால் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பாய். "அவ சுபாவம் அப்படி, விடும்மா" என்று பதில் வருகிறது.

உண்மையைச் சொல். அது நீதானா?

உன் வாயாடி


மார்ச் 12

தங்கைக்கு,

நலம். அது நான் இல்லை. அரட்டை அடிக்க எனக்கு நேரமும் இல்லை. எவனோ என் படத்தைத் திருடி உன் வாயைக் கிண்டியிருக்கிறான். உடனே அவனைத் துண்டித்துவிடு.

நான் அன்று சொன்னது சொன்னதுதான். நீ அவரிடம் திரும்பிப் போகும்வரை அதில் மாற்றமில்லை.

அண்ணன்


மார்ச் 17

அண்ணா,

கடைக்குக் கண்ணாடி வாங்க வருகிறவர்களை எல்லாம் இவனோ அவனோ என்று பார்க்கிறேன். என்னவராகவே இருந்தால்? தாழ்ப்பாள் விஷயம்வரை சொல்லித் தொலைத்திருக்கிறேனே!

துண்டிக்கும் முன் ஒரு பொறி வைத்தேன். "சின்ன வயசுல சைக்கிள்லேருந்து விழுந்து எனக்கு எந்தப் பல்லு உடைஞ்சுது?" என்று கேட்டேன். வந்த பதில்: "அது தெரியலம்மா. வலது பக்கம் மெல்ல முடியலன்னு போன மாசம் சொன்னியே, டாக்டர்கிட்ட போனியா?"

யார் அண்ணா இது? அந்தப் படம் உங்கள் வீட்டுப் பால்கனியில் எடுத்தது. வெளியே தேடாதே, வீட்டுக்குள் தேடு.

வாயாடி


மார்ச் 25

தங்கைக்கு,

பிடித்துவிட்டேன். உன் அண்ணிதான். கேட்டதும் மழுப்பவில்லை. "நீங்க அவகிட்ட பேச மாட்டீங்க. நான் பேசினா அவ பேச மாட்டா. வேற என்னதான் பண்ணட்டும்?" என்கிறாள். எல்லாம் நாடகம். உன்னை வேவு பார்த்திருக்கிறாள். போனைப் பிடுங்கிப் பூட்டி வைத்துவிட்டேன். இனி ஏதாவது சொல்ல வேண்டுமானால் எனக்கு எழுது.

அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணா,

முதலில் எனக்கும் பற்றிக்கொண்டுதான் வந்தது. அத்தனையையும் அண்ணியிடமா சொன்னேன் என்று உடம்பு கூசியது. வேவுதான் என்று நிரூபிக்கவே பழைய செய்திகளை ஒன்றுவிடாமல் படித்தேன். நான் வாய்க்கு வந்தபடி திட்டிய ஒவ்வொரு முறையும், மறுநாள் காலையில் சாப்பிட்டேனா என்று அண்ணி கேட்டிருக்கிறார். வேவு பார்க்க வந்தவர் இவ்வளவு திட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரா?

நீ என்னை மன்னித்துவிட்டாய் என்று இத்தனை மாதம் நம்பினேன். நீ மன்னிக்கவே இல்லை. வலிக்கிறது அண்ணா. ஆனால் அன்று என்னைத் தூங்க வைத்தது அண்ணியின் வார்த்தை.

போனை அண்ணியிடம் கொடுத்துவிடு. இனி அவர் பெயரிலேயே எழுதட்டும். நீ எழுத வேண்டாம்.

இதை நீ அண்ணியிடம் காட்டுவாய் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அதனால் இதையே இன்னொரு தாளில் எழுதி, அண்ணி பெயருக்கு வீட்டு முகவரியில் அனுப்பிவிட்டேன்.

தங்கை