நான்கு மாடிப் படிகள்

ஜனவரி 5

அன்புள்ள கண்ணாடிக்காரருக்கு,

தண்ணீர்க்காரி எழுதுவது. நான் நலம். நீங்களும் நலம் என்று நேற்று போனில் நீங்களே மூன்று முறை சொல்லிவிட்டதால் விசாரிக்க ஒன்றும் மிச்சமில்லை.

நேற்று நான் கூப்பிட்டது ஒரு செய்தி சொல்ல. "ஆபீஸ்ல ஒரு விஷயம் கேட்டிருக்காங்க" என்று ஆரம்பித்தேன். "தெரியும் தெரியும், ஒரு வருஷம் முடியுது, எப்ப கிளம்புறேன்னு கேட்டிருப்பாங்க. நீ வர்றதுக்குள்ள ரூமுக்கு பெயிண்ட் அடிச்சு வைக்கிறேன்" என்று முடித்தீர்கள். பிறகு எந்த நிறம் என்று பத்து நிமிடம் பேசினீர்கள். போனை வைத்துவிட்டு, சொல்ல வந்ததை ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அது இதுதான். இந்தப் புதிய குடிநீர் நிலையத்தின் பரிசோதனைக் கூடத்தை நிரந்தரமாக நான் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்கிறார்கள். மார்ச் பத்தாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். சரி என்றால் இனி இந்த ஊர். இல்லை என்றால் நம் ஊர், பழைய மேசை. நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

அதுவரை போன் வேண்டாம். அவசரம் என்றால் மட்டும். போனில் நீங்கள்தான் பேசுவீர்கள். கடிதத்தில் உங்களால் குறுக்கே வர முடியாது.

நம் மகள் ஹாஸ்டலில் இருந்துகொண்டு நமக்குப் பாடம் எடுப்பது தெரியும்தானே? "ஐம்பது வயசாச்சு, ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு சின்னச் சவால் எடுங்க. முப்பது நாள் செஞ்சு காட்டுங்க" என்கிறாள். இருபத்திரண்டு வருஷமாகத் தண்ணீரைக் குப்பியில் வைத்துப் பார்க்கிறேன், ஒரு நாள்கூட இடுப்புக்கு மேல் தண்ணீரில் நின்றதில்லை. அதனால் நான் நீச்சல் எடுத்துக்கொண்டேன். உங்கள் சவாலை நானே தேர்ந்தெடுத்துவிட்டேன்: முப்பது நாள், யார் பேச்சையும் நீங்கள் முடித்து வைக்கக் கூடாது.

கடையில் கண் பரிசோதிக்க வருபவர் பலகையின் கடைசிச் சின்ன வரியை எழுத்தெழுத்தாகத் தடவிப் படிக்கும்வரை பொறுமையாக நிற்கிறீர்கள். அந்தப் பொறுமையைக் கடையிலேயே பூட்டிவிட்டு வருவானேன்?

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
தண்ணீர்க்காரி


ஜனவரி 13

அன்புள்ள தண்ணீர்க்காரிக்கு,

உன் கடிதம் வந்தது. பெயிண்ட் வேலையை நிறுத்தி வைத்திருக்கிறேன். ஒரு சுவர் மட்டும் அடித்தாகிவிட்டது.

நிரந்தர வேலை என்று படித்ததும் நாற்காலியில் உட்கார்ந்தேன். அதைப் பற்றி இப்போது எதுவும் எழுத மாட்டேன். எழுதினால் உனக்காக நானே முடிவு செய்துவிடுவேன் என்று பயமாக இருக்கிறது.

ஆனால் என் மேல் நீ சொன்ன குற்றம் அநியாயம். நான் யார் பேச்சிலும் குறுக்கே வருவதில்லை. மெதுவாகப் பேசுபவர்களுக்கு ஒத்தாசை செய்கிறேன், அவ்வளவுதான். எதிர் வீட்டு அக்காவையே சாட்சியாகக் கேட்டுவிடலாம் என்று போனேன். "அக்கா, நான் அடுத்தவங்கள பேசவே விடறதில்லையாம், அப்படியா?" என்றேன். "தம்பி, உண்மையச் சொல்லணும்னா நீங்க..." என்று ஆரம்பித்தார். "நல்லாப் பழகுற ஆளுன்னு சொல்றீங்க, அதானே? ரொம்ப நன்றிக்கா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் உறைத்தது.

ஆகவே சவாலை ஏற்கிறேன். தண்டனையும் நானே வைத்துக்கொண்டேன். ஒரு முறை வாய் தவறினால், லிஃப்ட் கிடையாது. கீழே இறங்கி நான்கு மாடியும் ஒரு முறை நடந்தே ஏற வேண்டும். முதல் நாள் பதினோரு முறை. இரண்டாம் நாள் ஒன்பது. மூன்றாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தபோது வாட்ச்மேன் வந்து, "சார், லிஃப்ட் நல்லாத்தான்..." என்றார். "ஓடுது, தெரியும்" என்றேன். அதற்கும் ஒரு முறை இறங்கி ஏறினேன்.

தண்ணீரில் எச்சரிக்கையாக இரு. கைப்பிடிக் கம்பியை விடாதே.

உன்
கண்ணாடிக்காரன்


ஜனவரி 24

அன்புள்ள மாடிப்படிக்காரருக்கு,

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பரிசோதனைக் கூடத்தில் உதவிக்கு இருக்கும் பெண் பயந்துபோய் என்னவென்று கேட்டாள்.

என் கதையைக் கேளுங்கள். முதல் நாள் குளத்தில் நான் இறங்கவில்லை. பையிலிருந்து குப்பியை எடுத்துத் தண்ணீர் பிடித்துப் பார்த்தேன். குளோரின் குறைவு. குளத்துப் பொறுப்பாளரிடம் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! மறுநாள் எல்லாம் சரியாக இருந்தது. அப்போதும் நான் குப்பியைத் தேடினேன். சொல்லிக்கொடுக்கும் பெண் வந்து, "அக்கா, டெஸ்ட் பண்ணினது போதும், இறங்குங்க" என்று கையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

ஆழமில்லாத பக்கம், மார்பளவு தண்ணீர். என்னோடு கற்பவர்கள் எல்லாம் ஏழெட்டு வயது. அவர்கள் வாத்துக் குஞ்சு மாதிரி போய்விடுகிறார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி நிற்கிறேன். "மூச்சைப் பிடிச்சு வைக்காதீங்க அக்கா, தண்ணிக்குள்ளேயே விடுங்க" என்கிறாள் தினமும். எனக்கு வராத ஒரே வேலை அதுதான். பிடித்து வைத்துத்தானே பழக்கம்.

மகள் போன் செய்தாள். "அப்பா நாலு கிலோ இளைச்சுட்டார்மா, வீடியோல பாத்தா முகமே சின்னதாயிருச்சு" என்று பெருமையாகச் சொன்னாள். எத்தனை பேர் பேச்சை வெட்டினால் நாலு கிலோ குறையும் என்று எனக்கல்லவா தெரியும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இங்கே வேலை முடிந்து வந்து தேநீர் போட்டுக்கொண்டு உட்காருகிறேன். பேச ஆள் இல்லை. ஆனால் என் பேச்சை முடித்து வைக்கவும் ஆள் இல்லை. இது எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பது எனக்கே பயமாக இருக்கிறது.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

உங்கள்
தண்ணீர்க்காரி


பிப்ரவரி 3

அன்புள்ளவளுக்கு,

உன் தேநீர்ப் பத்தியைப் பலமுறை படித்தேன். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் எதிர் வீட்டு அக்காவைப் பற்றி எழுதுகிறேன்.

வாரத்தில் நாலு நாளாவது அவர், "எங்க வீட்டுக்காரர் இருந்த வரைக்கும்..." என்று ஆரம்பிப்பார். நான், "தங்கமான மனுஷன்" என்று முடித்து வைப்பேன். இறந்துபோனவரைப் பற்றி வேறு என்ன சொல்ல வருவார்? ஆறு வருஷமாக இப்படித்தான். நேற்று காலை நான் கடைக்குக் கிளம்பியபோது வாசலில் நின்றார். "எங்க வீட்டுக்காரர் இருந்த வரைக்கும்..." என்றார். நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். நான் முடிப்பேன் என்று காத்திருந்தார், பாவம். கடைசியில் அவரே சொன்னார்: "இருந்த வரைக்கும் என்கிட்ட முகம் குடுத்து ஒரு வார்த்தை பேசினதில்ல தம்பி. முப்பத்தொரு வருஷம்."

பிறகு அரை மணி நேரம் பேசினார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கிளம்பும்போது, "இத யார்கிட்டயும் சொன்னதில்ல" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆறு வருஷமாக அந்த அம்மாவின் வாயில் நான் அல்லவா 'தங்கமான மனுஷனை'த் திணித்துக்கொண்டிருந்தேன்?

நேற்று முழுக்க ஒரு தடவைகூட வாய் தவறவில்லை. லிஃப்டில் போகலாம். மனம் வரவில்லை, ராத்திரி நடந்தே ஏறினேன்.

இருபத்தைந்து வருஷத்தில் நீ சொல்ல வந்ததில் எவ்வளவை நான் வெட்டியிருப்பேன்? எல்லாவற்றையும் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஒன்றே ஒன்று சொல். முழுதாகச் சொல்.

உன்
கண்ணாடிக்காரன்


பிப்ரவரி 11

அன்புள்ளவருக்கு,

ஒன்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

போன வருஷம் ஜனவரி இருபத்தெட்டு. சமையலறை. நீங்கள் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தீர்கள். நான் ஆபீஸிலிருந்து வந்து கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல், "எனக்கு ஒரு வருஷத்துக்கு மாற்றல் போட்டிருக்காங்க, ஆனா..." என்றேன்.

"ஆனா என்ன ஆனா? நல்ல சந்தர்ப்பம். தாராளமாப் போயிட்டு வா. உனக்கும் ஒரு மாறுதல் வேணும்ல? நான் சமாளிச்சுக்குவேன்" என்றீர்கள். கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

'ஆனா'வுக்குப் பிறகு இருந்தது என் கைப்பையில் இருந்தது. போக விருப்பமில்லை, குடும்பத்தோடு இருக்கவே விரும்புகிறேன் என்று அன்று மத்தியானமே எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்த மறுப்புக் கடிதம். உங்களிடம் காட்டிவிட்டு மறுநாள் கொடுக்கலாம் என்றுதான் கொண்டுவந்தேன். நீங்கள் அவ்வளவு சந்தோஷமாக வழியனுப்பியதும், நான் இல்லாவிட்டால் இந்த மனுஷனுக்கு நிம்மதி என்று தோன்றிவிட்டது. அந்த நினைப்போடுதான் பெட்டி கட்டினேன். அந்த நினைப்போடுதான் இங்கே ஒரு வருஷம் இருந்தேன்.

அந்தக் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மடிப்புக் கிழிந்துவிடும், பார்த்துப் பிரியுங்கள்.

மிதக்க வந்துவிட்டது. அரை நிமிடம்.

உங்கள்
தண்ணீர்க்காரி


பிப்ரவரி 16

என் தண்ணீர்க்காரிக்கு,

பிரித்தேன். படித்தேன். உன் கையெழுத்துக்குக் கீழே தேதியைப் பார்த்தேன்.

நீ அதை அன்றைக்கே என் முகத்தில் எறிந்திருக்கலாம். எறியவில்லையே என்று ஒரு நாள் முழுக்க உன் மேல் கோபப்பட்டேன். பேச இடம் கொடுக்காதவனிடம் எதை எறிவது என்று பிறகு தோன்றியது. கோபம் என் பக்கமே திரும்பிவிட்டது.

நான் அன்று ஏன் அப்படிச் சொன்னேன் தெரியுமா? மகள் ஹாஸ்டலுக்குப் போன பிறகு நீ ஜன்னலோரம் நின்றுகொண்டே இருந்தாய். என்னோடு இருந்து சலித்துவிட்டது, தடுத்தால் ஆயுசுக்கும் மனத்தாங்கலாகிவிடும் என்று நினைத்தேன். அதனால் பெருந்தன்மையாக நடந்துகொண்டேன். பெருந்தன்மை! நீ ரயில் ஏறிய அன்று கடையில் ஒருவருக்கு வலது கண் லென்ஸை இடது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். இருபது வருஷத்தில் அப்படி நடந்ததில்லை.

நிம்மதியா? இந்த வீட்டில் இன்னும் இரண்டு கோப்பையில்தான் தேநீர் ஊற்றுகிறேன். பிறகு இரண்டையும் நானே குடிக்கிறேன்.

நீ என் கூட இருக்க வேண்டும். இது நான் சொல்ல வேண்டியது, போன வருஷமே சொல்லியிருக்க வேண்டியது. உன்னுடையதை நீயே சொல். எதுவானாலும் கேட்டுக்கொள்கிறேன்.

உன்
கண்ணாடிக்காரன்


மார்ச் 1

அன்புள்ளவருக்கு,

இன்று காலை குளத்தின் குறுக்கே, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை, கம்பியைத் தொடாமல் போனேன். ஏழு வயதுப் பிள்ளைகள் கை தட்டினார்கள். கரையில் உட்கார்ந்து அழுதேன். நீங்கள் பார்க்கவில்லையே என்றுதான் அழுதேன்.

ஆபீஸுக்குப் பதில் கொடுத்துவிட்டேன். சரி என்று எழுதிவிட்டேன். இங்கேயே இருக்கப் போகிறேன். விருப்பமில்லாமல் வந்தவள்தான். ஆனால் இந்தக் கூடத்தின் ஒவ்வொரு மேசையையும் நானே போட்டேன், இந்த ஊர் குடிக்கும் தண்ணீருக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன். இதை விட்டு வர எனக்கு மனமில்லை.

ஆனால்

அதற்குப் பிறகு உள்ளதை இத்துடன் இருக்கும் சின்ன உறையில் ஒட்டி வைத்திருக்கிறேன். பத்தாம் தேதிக்கு முன்னால் பிரிக்கக் கூடாது. போனும் கூடாது. தண்டனை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு வருஷம் காத்திருந்தேன், நீங்கள் ஒரு வாரம் இருங்கள்.

தண்ணீர்க்காரி


மார்ச் 10

என் தண்ணீர்க்காரிக்கு,

உன் உறை ஒரு வாரம் கண் பரிசோதனைப் பலகைக்குக் கீழே, நான் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்தது. வருபவர்கள் மேலே எழுத்தைப் படித்தார்கள், நான் கீழே உறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொய் சொல்ல மாட்டேன். மனத்துக்குள் நாலு விதமாக முடித்துப் பார்த்தேன். ஆனால் மாதம் ஒருமுறை வந்து போகிறேன். ஆனால் இன்னும் இரண்டு வருஷம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் திரும்பி வரப்போவதில்லை என்று மகளுக்குச் சொல்ல வேண்டாம். நாலாவதை எழுதக் கை வரவில்லை. அதை நினைத்த அன்று தண்டனை எதுவும் இல்லாமலே மூன்று தடவை படி ஏறினேன்.

இன்று காலை கடை திறந்ததும் உட்கார்ந்து பிரித்தேன். "ஆனால் இங்கே கடைத்தெருவில் கண் பரிசோதகரே கிடையாது. எல்லோரும் பஸ் பிடித்துப் பக்கத்து ஊர் போகிறார்கள். நீங்கள் இங்கே வந்துவிடக் கூடாதா?"

என்னுடைய நாலும் தப்பு. நாலிலும் நீதான் வருகிறாய், நீதான் போகிறாய். நான் கிளம்பலாம் என்பது ஒன்றில்கூட இல்லை. இருபத்தைந்து வருஷமாக உன் பேச்சை எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

கடை முதலாளியிடம் சொல்லிவிட்டேன், மாதக் கடைசிவரை இருக்கச் சொல்கிறார். பெயிண்ட் அடித்த ஒரு சுவரை வீட்டுச் சொந்தக்காரர் பார்த்துக்கொள்வார். எதிர் வீட்டு அக்காவிடம் செய்தி சொல்லப் போனேன். "போயிட்டு வாங்க தம்பி, ஆனா..." என்றார். நின்றேன். "ஆனா அங்க போயும் இதே மாதிரி நின்னு கேளுங்க" என்றார்.

இன்று லிஃப்டில்தான் ஏறி வந்தேன். ஏப்ரல் முதல் வாரம் அங்கே இருப்பேன். குளத்தில் அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவர்வரை இன்னொரு தடவை போய்க் காட்டு. நான் கரையில் உட்கார்ந்திருக்கிறேன், நீ வந்து சேரும்வரை.

உன்
கண்ணாடிக்காரன்