அப்பாவின் இடப்பக்கம் நின்ற கலைமான்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் நலம் என்று வழக்கம்போல எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் இந்தத் தடவை நலத்துக்கும் ஒரு படி மேலே இருக்கிறோம், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும், காலையில் கண் விழித்ததும் என் முதல் வேண்டுதல் அதுதான். அக்கா போன வாரம் வந்து போனாள். அவள் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது, அந்த வாயை வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்து, தாத்தா நீங்களும் நானும் ஒரே கட்சி என்கிறாள். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, குழாய் ரிப்பேர்க்காரர் நாளைக்கு வரேன் நாளைக்கு வரேன் என்கிறார், உங்க நாளை எந்தக் கிழமையில வரும்னு சொல்லிட்டா நல்லாயிருக்கும் என்று கேட்டுவைத்திருக்கிறேன்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். நீ போன் செய்யும்போதெல்லாம் அப்பா எங்கேம்மா என்பாய், நானும் குளிக்கிறார், தூங்குகிறார் என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். உண்மையில் பக்கத்து நாற்காலியில்தான் இருப்பார், போனை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். போன தடவை நீ வந்திருந்தபோது அவர் கேட் தூணில் காரை இடித்ததைப் பார்த்துவிட்டு கண் டாக்டரிடம் நீயே போய்ச் சொன்னாயே, அன்றிலிருந்தே இப்படித்தான். நேரே இருப்பது நன்றாகத் தெரிகிறது, ஓரப் பார்வைதான் போய்விட்டது, இடப்பக்கம் ரொம்ப மோசம், இனி வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் ஒரு கீறல் விழாம ஓட்டினவன் நான், பெத்த பிள்ளையே காட்டிக்கொடுத்துட்டான் என்று வீட்டுக்கு வந்து ஒரு தடவை சொன்னார், அதற்குப் பிறகு உன் பேச்சையே எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காரைத் துடைப்பார். துடைத்து முடித்ததும் உள்ளே ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்து அடுப்படியில் நின்று ஆண்டவனிடம் சண்டை போடுவேன். அவர் கண்ணை நீ எடுத்துக்கொண்டாய் சரி, என் பிள்ளையையும் சேர்த்து எதற்கு எடுத்துக்கொள்கிறாய் என்பேன்.

அந்தச் சண்டைக்குப் பதில் ஒரு மெல்லிய புத்தகமாக வந்தது, நூலகத்தில் வேலை பார்க்கிற பெண் எடுத்துக் கொடுத்தாள். கிராமத்து பஸ் நிறுத்தத்தில் இறங்கி, வயல் காடு மேடு என்று நடந்து, வேறொரு கிராமத்தில் பஸ் ஏறித் திரும்புகிற வழிகள் மட்டும்தான் அதில் இருக்கின்றன, கார் இல்லாதவர்களுக்கென்றே எழுதியது. நான் மளிகைப் பொட்டலம் சுற்றி வந்த தாளில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவள், வரைபடம் மட்டும் என்ன பெரிய வித்தை என்று இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். கோடுகள் நெருங்கினால் ஏற்றம், விலகினால் சமதளம், அவ்வளவுதான் சூட்சுமம். அப்பாவிடம் காட்டினால், நடக்கறதுக்கு ஒரு புத்தகமா, அடுத்தது மூச்சு விடறதுக்கும் போடுவாங்க என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு தனியாகவே கிளம்பிவிட்டேன். இவ எங்கேயாவது வழி தெரியாம போய் நின்னா நான்தானே தேடி அலையணும் என்று முனகிக்கொண்டே பின்னால் வந்தார், அந்த முனகல் எனக்குப் போதும்.

முதல் நாள் கூத்தைக் கேள். பாதி தூரம் போனதும், போதும் திரும்பு என்றார். எதுக்கு என்றேன். வந்த இடத்துக்குப் போக வேண்டாமா என்றார். அங்க நமக்காக என்ன காத்துக்கிட்டிருக்கு, பஸ்ஸு போயாச்சு, அடுத்த பஸ்ஸு மேட்டுக்கு அந்தப் பக்கம் வரும் என்றேன். அப்படியே நின்றுவிட்டார். யோசித்துப் பார்த்தால் எங்கே போனாலும் காரை விட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறோம். காரை நாம் நிறுத்திவிட்டுப் போகிறோம் என்று நினைத்திருந்தேன், அது அல்லவா நம்மை முளையடித்துக் கட்டி வைத்திருந்தது. நான்பாட்டுக்கு முன்னால் நடந்தேன், பின்னாலேயே வந்தார்.

போன செவ்வாய்க்கிழமை போனது மூன்றாவது நடை. பஸ் எங்களை இறக்கிவிட்டுப் போன பிறகு அதன் சத்தம் வளைவுகளில் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போயிற்று, அதற்குப் பிறகு வந்த அமைதி இருக்கிறதே, வழிபாட்டில்கூட எனக்கு அப்படி வாய்த்ததில்லை. நம் சமையலறை ஜன்னலில் தெரிகிறதே ஒரு மேடு, பாத்திரம் கழுவும்போதெல்லாம் நான் பார்க்கிற மேடு, அதன் முதுகுப்பக்கம் ஏறினோம். புல் ஈரமாக இருந்தது, அப்பாவின் இடப்பக்கம் நான் நடந்தேன். உச்சிக்குப் போனதும் மூடுபனி விலகியது. மகனே, அந்த மேட்டுக்குப் பின்னால் ஒரு ஏரி இருக்கிறது! அதற்கப்பால் வானம்தான் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டு நான் சட்டி தேய்த்திருக்கிறேன். முழு வானமும் தண்ணீருக்குள் கிடக்கிறது, வெள்ளைப் பறவைகள் எழும்பினால் கீழே ஒரு கூட்டம் எழும்புகிறது, எது மேலே எது கீழே என்று தெரியவில்லை. ஆண்டவனே என்று சொல்ல வாயைத் திறந்தேன், அந்தப் பெயரும் வரவில்லை. அடிவாரத்து ரோட்டில்தான் அப்பா தினமும் வேலைக்குப் போய் வந்தார், இரண்டு பக்கமும் மண் சுவர், ஒன்றும் தெரியாது. நான் ஒரே பார்வையில் பார்த்து முடித்துவிட்டேன், அவருக்கு அப்படி முடியாதே, தலையை மெல்ல மெல்லத் திருப்பித் துண்டு துண்டாகப் பார்த்தார். அதோ ஒரு படகு, கவிழ்த்துப் போட்டிருக்காங்க என்றார், நாணலுக்குள்ள ஒரு நாரை ஒத்தைக் கால்ல நிக்குது பாரு என்றார். அவர் சொல்லித்தான் நான் பார்த்தேன்.

இறங்கும்போதுதான் அது நடந்தது. காட்டு ஓரமாக வந்துகொண்டிருந்தோம், நான் ஷூவில் சேறு வழிக்க நின்றதில் கொஞ்சம் பின்தங்கிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் அப்பாவுக்கு இடப்பக்கம், கையை நீட்டினால் தொட்டுவிடலாம், ஒரு கலைமான் நிற்கிறது. நம் வாசல் கதவு உயரம் இருக்கும், இலை உதிர்ந்த இரண்டு மரங்களைத் தலையில் வைத்ததுபோலக் கொம்பு, மூக்கிலிருந்து ஆவி வருகிறது. அப்பா அதைக் கடந்து போய்க்கொண்டே இருக்கிறார். ஓடிப்போய்ச் சத்தம் காட்டாமல் அவர் தாடையைப் பிடித்துத் திருப்பினேன். அம்மாடி என்றார், அவ்வளவுதான். அதுவும் அவரைப் பார்த்தது, அவரும் அதைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, தினமும் வீட்டுக் கணக்கு எழுதுகிறவள் நான், அந்த நேரத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அது அவசரமே இல்லாமல் மரங்களுக்குள் நடந்து போயிற்று.

அப்பா அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார், முகமெல்லாம் ஈரம். இவ்வளவு பெரிய உயிரு என் பக்கத்துல நிக்குது, எனக்குத் தெரியலையே என்றார். அதனாலென்ன, இப்ப பாத்தாச்சே என்றேன். தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, ரோட்டுல இப்படி ஒரு குழந்தை நின்னிருந்தா என்ன ஆயிருக்கும் என்றார். பிறகு, அவன் அன்னிக்கு டாக்டர்கிட்ட போகும்போது அழுதானா என்று கேட்டார். அழுதான், ஆஸ்பத்திரி வராந்தாவுல திரும்பி நின்னு அழுதான், எனக்குத் தெரியக்கூடாதுன்னு மூக்கைச் சிந்தற மாதிரி நடிச்சான் என்றேன். நடிக்கவும் தெரியாது அவனுக்கு என்றார். பஸ்ஸில் அப்பா டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, வழியெல்லாம் அவர் வண்டியைத் திருப்புகிற விதத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார், இறங்கும்போது, நல்லா ஓட்டறீங்க தம்பி என்று தோளில் தட்டினார்.

இந்த மாதக் கணக்கில் பஸ் செலவு கூடியிருக்கிறது. மருந்துச் செலவு குறைந்தது என்று எழுத ஆசைதான், ஆனால் பொய்க் கணக்கு எழுதமாட்டேன், அதே சொட்டு மருந்து, அதே செலவு. நான் நினைவூட்டாமல் தானே விட்டுக்கொள்கிறார், அதுதான் வித்தியாசம். இந்த ஞாயிற்றுக்கிழமை காரைத் துடைக்கவில்லை, மெக்கானிக்கைக் கூப்பிட்டு, யாருக்காவது வேணும்னா பாருப்பா, நின்னா வீணாப் போயிடும் என்று சொன்னதைக் கேட்டேன். நேற்று அந்தப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, அவனுக்கு இந்த ஏத்தமெல்லாம் முடியுமா, பாதியிலேயே மூச்சு வாங்குவான் என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

உனக்கு எல்லா நலமும் வரட்டும், நீ எந்தப் பக்கம் பார்க்காவிட்டாலும் அந்தப் பக்கம் ஆண்டவன் நடந்து வரட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள், உடம்பைப் பார்த்துக்கொள். ஒன்றே ஒன்று மறக்காதே. வியாழக்கிழமை இங்கே விளக்குப் போடுகிற நேரத்துக்குப் போன் செய். ரொம்ப நேரம் அடிக்கும், வைத்துவிடாதே, நான் வீட்டில்தான் இருப்பேன், ஆனால் எடுக்கமாட்டேன். அவர் எடுத்ததும் மன்னிப்பு கின்னிப்பு என்று ஆரம்பித்துக் காரியத்தைக் கெடுத்துவிடாதே. மான் எவ்வளவு பெரிசுப்பா என்று மட்டும் கேள்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா