விதை வற்றல்

மில்லர்புரம், தூத்துக்குடி
14-2-1969

அன்புள்ள அத்தானுக்கு,

சண்முகவடிவு எழுதுகிறேன். நானும் செண்பகமும் நலம். உங்கள் மகளுக்கு உங்கள் உயரம் வந்துவிட்டது. போன தடவை நீங்கள் கொண்டுவந்த பாவாடை இப்போது முழங்காலுக்குத்தான் எட்டுகிறது. நீங்கள் வந்து எவ்வளவு நாளாயிற்று என்று இதற்கு மேல் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

ஊரெல்லாம் ஒரே பேச்சு. கொழும்பில் மிளகாய் வற்றலுக்கு இறக்குமதி வரி ஏற்றிவிட்டார்களாம். இங்கே மண்டி வைத்திருக்கிற அண்ணாச்சிமார் எல்லாம் எழவு வீட்டு முகத்தோடு அலைகிறார்கள். விளாத்திகுளத்திலிருந்து தம்பி வெள்ளத்துரை வந்து, "எக்கா, இந்த வருசம் மொளகா நல்லா காச்சிருக்கு. எவன் வாங்குவான்னுதான் தெரியல" என்று புலம்பிவிட்டுப் போனான். நானும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டேன்.

உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம், அத்தான். தம்பி வயிற்றில் அடி விழுகிறபோது அக்காக்காரி சந்தோஷப்படலாமா என்று கேட்காதீர்கள். "இந்த வியாபாரம் படுத்தால் மறு தோணியில் ஊர் வந்துவிடுவேன்" என்று சொன்னது நீங்கள்தான். அன்றிலிருந்து அது படுக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

மார்க்கெட் பக்கம் ஒரு கடை காலியாகிறது. உங்களுக்காகப் பேசி வைக்கட்டுமா?

உங்கள்
சண்முகவடிவு


கொழும்பு
3-3-1969

அன்புள்ள வடிவுக்கு,

தோணியை ஓட்டிவரும் தண்டல் இனிகோ உன் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். கடையில் ஆட்கள் இருந்ததால் உடனே பிரிக்கவில்லை. படித்ததும் சிரிப்பு வந்தது. பிறகு சங்கடமாகவும் இருந்தது.

வரி ஏறியது உண்மை. 'உள்நாட்டுப் பொருளையே வாங்குங்கள்' என்று சுவரெல்லாம் ஒட்டியிருக்கிறார்கள். ஆனாலும் உள்ளூர் மிளகாய் வாங்கினவன், காரமே இல்லை என்று மறுநாள் நம் கடைக்குத்தான் வருகிறான். அவசரப்பட்டு அங்கே கடை பேசிவிடாதே. கொஞ்சம் பார்ப்போம்.

ஒரு சின்னக் காரியம். கனகசபை என்று எனக்கு ஒரு யாழ்ப்பாணத்துச் சிநேகிதர். வவுனியாவில் தோட்டம் வைத்திருக்கிறார். நம் ஊர் மிளகாய் நாலு செடி வைக்க ஆசைப்படுகிறார். கடை வற்றலை உதிர்த்துப் போட்டதில் பாதி முளைக்கவில்லை. அது கொதிக்கிற வெயிலில் காய்ந்தது. விதைக்கென்று நிழலில் காயவைத்தது உன் தம்பியிடம் இருக்குமே. ஒரு சாக்கு அனுப்பி வை. நீயே பொறுக்கி அனுப்பு. உன் கைக்கு ஈடு கிடையாது.

அன்புடன்
சிவசுப்பிரமணியன்


மில்லர்புரம்
10-4-1969

அன்புள்ள அத்தானுக்கு,

விளாத்திகுளம் போய் வந்தேன். எங்கள் வீட்டில் விதை வற்றலை வீட்டில் பிறந்த பெண்தான் பொறுக்க வேண்டும். தம்பி பெண்டாட்டிகூடத் தொடமாட்டாள், எனக்காகக் காத்திருப்பாள். இரண்டாம் பறிப்பில் வந்த பழம், தோலில் தழும்பில்லாதது, காம்பு உறுதியாக இருப்பது என்று பார்த்துப் பார்த்து எடுத்தேன். விரல் இன்னும் எரிகிறது. உங்களுக்காக என்றால் எரிச்சலும் தெரியாதுதான், ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

தம்பி சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நாலு செடிக்கு எதுக்குக்கா ஒரு சாக்கு? அந்தச் சிநேகிதரு வவுனியா முச்சூடும் நடப்போறாரா?" என்றான். "அத்தான் கேட்டால் கணக்குப் பார்ப்பாயா நீ" என்று வாயை அடைத்தேன். அவனும் சிரித்துக்கொண்டே வண்டியில் ஏற்றிவிட்டான்.

இனிகோ அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். இதுதான் இந்தப் பருவத்துக்குக் கடைசி நடை. இனி காற்று மாறினால் ஆவணி வரை தோணி ஓடாது. ஆவணியில் திரும்புகிற முதல் தோணியில் உங்களை எதிர்பார்க்கிறேன்.

உங்கள்
சண்முகவடிவு


கொழும்பு
20-3-1970

அன்புள்ள வடிவுக்கு,

ஆவணியில் வரவில்லை, தையிலும் வரவில்லை என்று கோபமாக இருப்பாய். கோபப்படு, உனக்கு உரிமை உண்டு.

அங்கேயும் செய்தி வந்திருக்கும். வெளிநாட்டு வற்றலை இனி இறக்கவே கூடாது என்று உத்தரவாகிவிட்டது. இந்தியாக் கடைகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. என் கடைக்கு மட்டும் எப்படியோ வேறு வழியில் சரக்குக் கிடைக்கிறது. இப்போது விட்டு வந்தால் பட்ட பாடெல்லாம் வீண். இன்னும் ஒரு பருவம் பொறுத்துக்கொள்.

செண்பகத்தை நன்றாகப் படிக்கச் சொல்.

அன்புடன்
சிவசுப்பிரமணியன்


மில்லர்புரம்
8-4-1970

அத்தானுக்கு,

அந்த வேறு வழி எதுவென்று தெரிந்துவிட்டது.

நேற்று இனிகோ அண்ணன் வந்திருந்தார். தம்பியும் வீட்டில் இருந்தான். "தங்கச்சி, உங்க வூட்டுக்காரரு கடையில சாக்குச் சாக்கா நம்ம குண்டு வத்தல் கெடக்கு. ஆனா எந்தத் தோணியிலயும் ஏறுன சரக்கு இல்ல. வவுனியாவுல அவரும் கூட்டாளியும் போட்ட தோட்டமாம், ரயில்ல வந்து எறங்குது" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம். நல்ல செய்தி சொல்வதாக நினைத்துச் சொல்லிவிட்டார்.

தம்பி கத்தியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "நீ பொறுக்குனதாச்சேக்கா. முளைக்காம இருக்குமா" என்று மட்டும் சொன்னான். அவன் காட்டில் விளைந்த மிளகாய் முழுவதும் விலை போகாமல் கிட்டங்கியில் கிடக்கிறது. அவன் மட்டுமல்ல, அந்தச் சீமையே கொழும்பை நம்பித்தான் விதைத்தது. உங்கள் வரி எங்களை அடிக்கும் என்று தெரியும். அதற்கு விதையும் எங்கள் வீட்டிலிருந்தே போகும் என்று தெரியாது.

ஒளிக்காமல் கேட்கிறேன். வந்துவிடுங்கள். வற்றலை அரைத்துப் பொடியாக்கி நம் ஜில்லாவிலேயே விற்கலாம் என்கிறான் தம்பி. அவனுக்கு விளைவிக்கத் தெரியும், விற்கத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அவன் கோபமாக இல்லை. நான் கோபமாக இருக்கிறேன், ஆனால் நீங்கள் வந்தால் மறந்துவிடுவேன்.

சண்முகவடிவு


மில்லர்புரம்
25-10-1970

அத்தானுக்கு,

என் கடிதம் வந்ததா என்றுகூட எழுதவில்லை. இந்த வாரம் தீபாவளி.

உங்களுக்காகப் பார்த்துவைத்த கடையில் அரவை மிஷின் போட்டுவிட்டோம். முதல் மாதம் தெருவே தும்மியது. திருநெல்வேலி, கோவில்பட்டிக் கடைக்காரர்கள் எடுக்க மாட்டேன் என்றார்கள். பம்பாய்ப் பொட்டலம் சிவப்பாக இருக்கிறதாம், நம்முடையது மங்கலாம். "சாயம் போட்டா செவக்கத்தான் செய்யும், கொழம்பு வச்சுப் பாத்துட்டுப் பேசுங்க அண்ணாச்சி" என்று கடை கடையாக நானே போய்ச் சொன்னேன். இப்போது கேட்டு வாங்குகிறார்கள். செண்பகம் பள்ளிக்கூடம் விட்டு வந்து பொட்டலம் ஒட்டுகிறாள்.

நீங்கள் உட்காருவதற்கு ஒரு நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

சண்முகவடிவு


கொழும்பு
2-3-1971

அன்புள்ள வடிவுக்கு,

உன் கடிதங்கள் வந்தன. பதில் எழுத முகமில்லை.

என் விசா முடிந்துவிட்டது. இந்தியாக்காரனாகவே இருந்தால் கடையை மூடிவிட்டுக் கப்பலேற வேண்டும். இந்த நாட்டுப் பிரஜையானால் இருக்கலாம், தோட்டத்திலும் பங்கு நிலைக்கும். இந்த வயதில் ஊருக்கு வந்து மச்சினன் மிஷினுக்கு வற்றல் அள்ளிப் போட என்னால் முடியாது, வடிவு. இங்கே என்னை முதலாளி என்கிறார்கள். மனுக் கொடுத்தேன். பிரஜா உரிமை கிடைத்துவிட்டது. இனி விருந்தாளியாகத்தான் அங்கே வந்து போக முடியும். செண்பகம் கல்யாணத்துக்கு எப்படியும் வருவேன்.

ஒரு உதவி கேட்கிறேன். இந்த வருஷம் மிளகாயில் காரம் விட்டுப்போய்விட்டது. பக்கத்துத் தோட்டத்து மிளகாயோடு கலந்து விதை கெட்டுவிட்டதாம். புது விதை வராவிட்டால் தோட்டம் நிற்காது. தம்பிக்குத் தெரிய வேண்டாம். விதை பொறுக்க நீ போவாய் அல்லவா, அப்போது கொஞ்சம் தனியாக எடுத்து வைத்து அனுப்பு.

அன்புடன்
சிவசுப்பிரமணியன்


மில்லர்புரம்
19-3-1971

சிவசுப்பிரமணியன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைச் செண்பகமும் படித்தாள். "நம்மள அங்க வரச் சொல்லி அப்பா ஒரு வரிகூட எழுதலையேம்மா" என்றாள். எனக்கு அது முதல் தடவை படிக்கும்போதே தெரிந்தது. அவளுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அழுதேன். பிறகு தம்பியைக் கூப்பிட்டு அவன் கையிலேயே கடிதத்தைக் கொடுத்தேன். அவனுக்குத் தெரிய வேண்டாம் என்று நீங்கள் எழுதிய இடத்தையும் படித்தான். மடித்துக் கொடுத்துவிட்டு, "அத்தான்தானக்கா கேக்காரு. உனக்கு மனசிருந்தா எடுத்துக் குடு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றான். அவ்வளவு பெரிய மனசு எனக்கில்லை. இந்த வருஷத்து விதை வற்றலைப் பொறுக்கி முடித்தாயிற்று. எல்லாம் விளாத்திகுளத்திலேயே இருக்கும்.

செண்பகம் கல்யாணத்துக்கு வாருங்கள். அவளுக்கு அப்பா நீங்கள்தான், அதை எந்த சர்க்காரும் மாற்ற முடியாது. வந்து, நின்று நடத்திவிட்டுப் போங்கள்.

நாற்காலியில் இப்போது நான் உட்காருகிறேன்.

இனிகோ அண்ணன் தோணி ஓடு ஏற்றிக்கொண்டு கொழும்பு வருகிறது. அவரிடம் எங்கள் மிளகாய்ப்பொடி ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். கூடவே இருந்து நானே அரைத்தது. காரம் குறையவில்லை. குழம்பு வைத்துச் சாப்பிடுங்கள். மண்ணில் போட்டால் முளைக்காது.

சண்முகவடிவு