சிச்கன் வளைவில் நிற்கும் லாரி

மார்ச் 4
ஒருவழியாக என் வீட்டுக்காரர் மிர்லானின் லாரி, கணினியில் நான் ஆடும் லாரி விளையாட்டில் ஓடுகிறது! அவர் கைபேசி, தான் இருக்கும் இடத்தைச் சர்வருக்கு அனுப்புகிறது. விளையாட்டு நேராக இணையத்திடம் கேட்காது. அதனால் நடுவில் ஒரு சின்ன நிரல் சர்வரிடம் வாங்கிக் கோப்பில் போடுகிறது. விளையாட்டுக்குள் நான் சேர்த்த துணைநிரல், என் மோட், அதைப் படித்து லாரியை வரைகிறது. புதிதாக எதுவும் வராவிட்டால் பழையதையே காட்டு என்று ஒரு வரி சேர்த்தேன். லாரி மறைந்து மறைந்து வந்தால் கண் கூசுகிறது.

பிஷ்கெக்-ஓஷ் சாலை முழுவதையும் யாரோ புண்ணியவான் அந்த லாரி விளையாட்டில் செய்துவைத்திருக்கிறார். கரா-பால்தாவில் எங்கள் வீட்டு வாசல்கூட இருக்கிறது. கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாக அவர் பின்னாலேயே நானும் ஓட்டிக்கொண்டு போனேன். போனில் சொன்னேன்.

"ஹாரன் அடிச்சியா? எனக்குக் கேக்கலையே" என்றார்.

மார்ச் 9
சிச்கன் பள்ளத்தாக்கில், சாப்பாட்டுக் கடை வளைவில் ரொம்ப நேரம் நின்றார். பசித்திருக்கும்.

மார்ச் 14
மறுபடி அதே வளைவு. போகும்போதும், வரும்போதும். வீட்டுக்கு வந்தவர் கையில் ஒரு ஜாடி தேன். எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். சிச்கனைத் தாண்டி, தொக்தோகுலில் என்றார். சிச்கனில் நிற்கவில்லையா?

"அங்க எதுக்கு நிக்கப்போறேன்? ஒரே கூட்டம்."

பொய். அவர் லாரிக்குப் பின்னால் என் லாரியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேனே நான்!

மார்ச் 18
திரையில் அவர் லாரி வளைவில் நிற்கும்போதே போன் செய்தேன். கிடைக்கவில்லை. அணைத்து வைத்திருக்கிறார். எதற்கு?

மார்ச் 21
நோருஸ் புத்தாண்டு. தரையில் விரித்த விருந்துத் துணியில் அந்தத் தேனையும் வைத்தேன். யார் கொடுத்தது, அவள் பேர் என்ன என்று கேட்டேவிட்டேன். என் கை ரொட்டியைக் கவிழ்த்து வைத்திருக்கிறது, அபசகுனம், எனக்கே தெரியவில்லை. அவர்தான் எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

"கூட வர்றேன்னுதானே சொன்னே? காவலுக்கு வர்றேன்னு சொல்லலையே."

மாட்டிக்கொண்டவர் பேசுகிற பேச்சு. வேறென்ன?

மார்ச் 26
ஓஷில் சித்தியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஷேர் டாக்சியில் ஏறினேன். அவளை நேரிலேயே பார்த்துவிடுவது என்று. வழியில் மிர்லானிடம் மாட்டிக்கொள்ளக் கூடாதே. அதனால் என் கைபேசியையும் சர்வரில் சேர்த்து, அலுவலகத் தோழி சோல்பனிடம் மோடைக் கொடுத்து, அவர் லாரி, என் கைபேசிக்காக ஓடும் லாரி இரண்டையும் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன்.

சிச்கனில் நிறுத்தச் சொன்னேன். மற்றவர்கள் ஒப்பவில்லை. டிரைவர் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. சரி, திரும்பும்போது பார்க்கலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். தொக்தோகுலை நெருங்கியதும் சோல்பன் கூப்பிட்டாள்.

"இவ்வளவு நேரமா அந்தக் கடையில என்னடி பண்ணே? யாருடி அவன்?"

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் எங்கேயும் நிற்கவில்லையே! அந்த மலை இடுக்கில் சிக்னலே கிடையாது. பழையதையே காட்டு — நான் எழுதிய வரி. அவர் ஓட்டிக்கொண்டேதான் இருந்திருக்கிறார், பாவம்.

தொக்தோகுலிலேயே இறங்கினேன். ஏரிக்கரை முழுக்கத் தேன் கடைகள். அதே ஜாடி. சே, என்ன பெண் நான்.

மார்ச் 28
மாற்றி எழுதிவிட்டேன். தகவல் பழசானால் லாரி சாம்பல் நிறமாகிவிடும். கடைசியாக வந்தது எப்போது, எங்கிருந்து என்று மேலே காட்டும். மிர்லானிடம் எல்லாவற்றையும் சொன்னேன், டாக்சியில் போனது உட்பட. தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைக்காமல் கேட்டார்.

"இப்ப சரியாயிடுச்சில்ல? விடு."

கத்தியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 2
காலையில் கிளம்பிப் போனார். சாயங்காலம் விளையாட்டைத் திறந்தேன். அவர் லாரி சாம்பல் நிறத்தில் நிற்கிறது. சர்வரைப் பார்த்தேன், நிரலைப் பார்த்தேன். ஒன்றும் கெடவில்லை. அவர் கைபேசியிலிருந்துதான் எதுவும் வரவில்லை. போன் செய்தேன், உடனே எடுத்தார். தொக்தோகுலில் மீன் சாப்பிடுகிறாராம். குரல் தெளிவாகக் கேட்டது. சாப்பிடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். வேறு எதையும் கேட்கவில்லை.

லாரிக்கு மேலே எழுதியிருக்கிறது: கடைசித் தகவல் — காலை, கரா-பால்தா. எங்கள் வீட்டு வாசல்.

என் லாரியை அதன் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். ஒரு தடவை ஹாரன் அடித்தேன்.