கேனை மட்டும் அவிழ்க்காதே

ஷார்ஜா,
13.5.1999, வியாழன்

அன்பு மாப்ள தங்கராசுக்கு,

உன் பழைய கட்டிலில் உட்கார்ந்து தர்மராஜ் எழுதுவது. நான் நலம். நீ நலமா என்று கேட்க மாட்டேன். எவ்வளவு நலமாக இருக்கிறாய் என்பது என் வீட்டுக்காரி சிந்தாமணி போட்ட கடிதத்திலேயே தெரிந்துவிட்டது. அந்த வயிற்றெரிச்சலை அப்புறம் சொல்கிறேன். முதலில் இந்த ஊர்க் கதையைக் கேள்.

வந்த மறுநாள் ரோட்டைக் கடக்க நின்றேன். பெரிய கார் ஒன்று என் முன்னால் வந்து நின்றது. உள்ளே வெள்ளை அங்கி போட்ட அரபிக்காரர். வழி கேட்கிறார் போலிருக்கிறது என்று சன்னல் பக்கம் போய்க் கும்பிட்டு, நானே ஊருக்குப் புதுசுங்க என்று தமிழில் சொன்னேன். அவர் கையைக் கையை ஆட்டினார். பின்னால் நாலு கார் நின்றுவிட்டது. நான் கடப்பதற்காகத்தான் நிறுத்தினாராம்! அரியலூர் பஸ் ஸ்டாண்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

நீ சொன்னதெல்லாம் வேறு. குழாயைத் திறந்தால் வெந்நீர் கொட்டும் என்று கீழப்பழுவூர் டீக்கடையில் நீ அளந்தபோது வாயைப் பிளந்துகொண்டு கேட்டவன் நான். கொட்டத்தான் செய்கிறது. மொட்டைமாடித் தொட்டி வெயிலில் கொதித்து, முதுகுத் தோல் உரிகிறது. பச்சைத் தண்ணீர் வேண்டுமென்றால் முதல் நாளே வாளியில் பிடித்து ரூமில் வைக்க வேண்டும். வைத்தேன். அதில் வேறு எவனோ குளித்துவிட்டுப் போய்விட்டான்.

போர்மேன் இந்தியில் எது கேட்டாலும் அச்சா என்று சொல், பிழைத்துக்கொள்வாய் என்றாய். சொன்னேன். அடுத்த ஷிப்டுக்கும் யார் நிற்கிறீர்கள் என்று கேட்டானாம். நின்றேன்.

நீ லீவில் செண்ட் வாசத்தோடு வந்து இறங்கும்போதெல்லாம் எனக்கு எரியும். உன் வாட்ச், உன் கைலி, எதையும் அந்த எரிச்சல் விட்டுவைக்கவில்லை. அதனால்தான் நீ விட்டுப் போன வேலைக்கு ஓடிவந்தேன். வந்து பார்த்தால் இப்போதும் நீதான் நல்ல இடத்தில் இருக்கிறாய். ஒரு தடவையாவது என்னைப் பார்த்து நீ பொறாமைப்படக் கூடாதா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். "தங்கராசு அண்ணன் மணிவேலோட நம்ம பாப்பாவையும் கிணத்துக்குக் கூட்டிட்டுப் போறாருங்க. முதுகுல கேனைக் கட்டி விட்டா தவளையாட்டம் நீந்துறா. சீக்கிரம் கேனை அவுத்துடலாம்னு சொல்றாரு" என்று சிந்தாமணி எழுதியிருக்கிறாள். படித்ததும் சோறு இறங்கவில்லை. பிரவீணாவுக்கு நீச்சல் பழக்குவதாகச் சொன்னது நான். பரணில் கிடந்த பழைய கேனை எடுத்து, ஓட்டை இருக்கிறதா என்று தண்ணீரில் அமுக்கிப் பார்த்து, கயிறு போட்டு வைத்தது நான். அதற்குள் விசா வந்துவிட்டது. கயிறு என்னுடையது, கேன் என்னுடையது, பிள்ளை என்னுடையது. கிணற்றில் மிதக்கிறவன் நீ!

பழக்கு, வேண்டாமென்று சொல்லவில்லை. கேனை மட்டும் அவிழ்க்காதே. அது நான் வந்து அவிழ்க்க வேண்டியது.

வெள்ளி

மேலே எழுதியதை இன்னும் தபாலில் போடவில்லை. இன்று லீவு. ரூம்காரர்களோடு கடலுக்குப் போனேன். எனக்குத்தான் நீச்சல் தெரியுமே என்று சட்டையைக் கழற்றினேன். ஒருவனுக்கும் நீச்சல் தெரியாது, இறங்கவும் விடவில்லை. ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். காலை மட்டும் நனைத்துவிட்டு வந்தேன்.

வந்து படுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பினால், தலையணைக்கு நேராக ஆணியால் மணிவேல் என்று கீறியிருக்கிறது. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

மணிவேலுக்கு நீச்சல் பழக்கியது யார் மாப்ள? நான்தானே. இதே கேன்தான். அப்போது நீ இங்கே இருந்தாய். கேனை அவிழ்த்த அன்றைக்கே, உன் மகன் மீனாக மாறிவிட்டான் என்று பெருமையாக உனக்கு இரண்டு பக்கம் எழுதினேன். நீ ஒரே ஒரு வரிதான் பதில் போட்டாய்: சந்தோஷம் மாப்ள.

அந்த வரியை இந்தக் கட்டிலில் உட்கார்ந்துதான் எழுதியிருப்பாய்.

எனக்கு லீவு கிடைக்க இன்னும் இரண்டு வருடம் ஆகும். வைகாசி முடிவதற்குள் கிணற்றில் தண்ணீர் பாறைக்கு இறங்கிவிடும். அதற்கு முன்னால் கேனை அவிழ்த்துவிடு.

அவிழ்க்கும்போது நீ கரையில் நிற்காதே, தண்ணீரிலேயே இரு. முதல் முழுக்கில் பயந்துபோய் அப்பா என்று கத்துவாள். நீ பக்கத்தில் போ.

சந்தோஷம் மாப்ள.

இப்படிக்கு,
வயிற்றெரிச்சல் பாதி அடங்கிய
தர்மராஜ்